பெங்களூர்ல இருந்து நைட்ராக்ஸ் டைவ் போறீங்களா? டேங்க்ல என்ன இருக்குன்னு நீங்களே அளந்து பாருங்க

பெங்களூர்ல வேலை பார்த்துட்டே டைவிங் கத்துக்கிட்ட நம்ம ஆளுங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. முதல்ல முருடேஷ்வர் பக்கத்துல இருக்கற நேத்ராணி தீவுல ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப கோர்ஸை முடிப்பாங்க, அடுத்த வருஷம் அந்தமான்ல ஹேவ்லாக், அதுக்கப்புறம் மாலத்தீவுல ஒரு வாரம் போட்லயே தங்கி டைவ் பண்ற ட்ரிப்னு போகும், அந்த இடத்துல தான் "உங்களுக்கு நைட்ராக்ஸ் சர்டிபிகேட் இருக்கா?"ங்கிற கேள்வி வரும். என்கிட்டயே இதைப் பத்தி அடிக்கடி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பிட்டு இருக்கறதுக்கு பதிலா எனக்குத் தெரிஞ்சதை முழுசா இங்க எழுதிடறேன். இதைப் படிச்சுட்டு கோர்ஸ் பண்ணாம போய் டைவ் பண்ணிடாதீங்க, கோர்ஸ் கண்டிப்பா வேணும். கோர்ஸ் முடிச்சவங்க போட்ல நிஜமா என்ன பண்ணணும், எதை விடவே கூடாதுங்கிறதுக்காக எழுதறது இது.

நைட்ராக்ஸ்னா வேற ஏதோ மருந்து கேஸ் இல்ல. நம்ம மூச்சு விடற காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். அதுல ஆக்சிஜனை 32 ஆகவோ 36 ஆகவோ ஏத்திட்டா நைட்ரஜன் அந்த அளவுக்கு குறையும், அவ்வளவுதான். கடலுக்கு அடியில பிரஷர்ல நம்ம உடம்புக்குள்ள கரைஞ்சு போறது இந்த நைட்ரஜன் தான், அது அளவுக்கு மேல கரைஞ்சு நீங்க வேகமா மேல வந்தா சோடா மூடியைத் திறந்த மாதிரி ரத்தத்துலயும் திசுவுலயும் குமிழியா வெளிய வரும், அதைத்தான் டிகம்ப்ரஷன் நோய்ங்கிறாங்க. மூச்சுல நைட்ரஜன் கம்மியா இருந்தா உடம்புல ஏறுறதும் கம்மி, அதனால டெக்கோ ஸ்டாப் (நைட்ரஜன் வெளிய போக மேல வர்ற வழியில கட்டாயமா நிக்கறது) இல்லாம கீழ இருக்கக்கூடிய நேரம் கூடும். பாடி (PADI)ங்கிற டைவிங் பயிற்சி அமைப்போட டேபிள்படி 18 மீட்டர்ல சாதா காத்துக்கு 56 நிமிஷம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 95 நிமிஷம். 30 மீட்டர்ல காத்துக்கு 20 நிமிஷம், 32க்கு சுமார் 30. வேற மாதிரி சொல்லணும்னா 32 சதவீத டேங்க்கோட 18 மீட்டர் போறது, நைட்ரஜன் கணக்குல பார்த்தா காத்துல 14 மீட்டர் போன மாதிரி.

இது ஒண்ணும் புதுசா வந்ததில்ல. அமெரிக்காவோட நோவாங்கிற கடல் ஆராய்ச்சி நிறுவனத்துல மார்கன் வெல்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1970கள்லயே விஞ்ஞானி டைவர்களுக்காக இதை முறைப்படுத்தினார், 32 சதவீதத்தை இன்னைக்கும் சிலர் நோவா நைட்ராக்ஸ் 1னு சொல்றது அதனாலதான். அங்க இருந்த டிக் ருட்கௌஸ்கி 1985ல பொழுதுபோக்கு டைவர்களுக்கும் கத்துக்கொடுக்க ஆரம்பிச்சார். அப்போ பலத்த எதிர்ப்பு, ஆபத்தான கேஸுன்னு திட்டினாங்க, பாடி கோர்ஸ் கொண்டு வந்ததே 1996லதான். எதிர்ப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்ல, அளக்காம பயன்படுத்தினா இது நிஜமாவே ஆபத்து. அளந்து பயன்படுத்தினா ரொம்ப நல்ல விஷயம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு சின்ன மீட்டர் மட்டும்தான்.

மூணு தப்பான நம்பிக்கையை முதல்ல எடுத்துடலாம். நைட்ராக்ஸ் போட்டா ஆழமா போகலாம்னு நினைக்கறாங்க, நேர் எதிர், ஆழம் குறையும், ஏன்னு கீழ சொல்றேன். டேங்க் ரொம்ப நேரம் வரும்னு நினைக்கறாங்க, வராது, நீங்க இழுக்கற மூச்சு அதே அளவுதான். டயர்ட் ஆகாதுன்னு சொல்றாங்க, அப்படி உணர்றவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கும் நாலாவது நாள் அப்படித் தோணியிருக்கு, ஆனா சோதனைகள்ல அது உறுதியா நிரூபணம் ஆகலை, அதனால அதை நம்பி யாருக்கும் நான் சிபாரிசு பண்றதில்ல.

அப்போ யாருக்கு வேணும்? உங்க மூச்சுக் கணக்கைப் போட்டுப் பாருங்க. நம்ம ஊர்ல கிடைக்கற சாதாரண அலுமினியம் டேங்க் 11 லிட்டர், 200 பார் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). 50 பார் கையிருப்பா வச்சுட்டு மிச்சத்தை உபயோகிச்சா சுமார் 1650 லிட்டர். புதுசா டைவ் பண்றவர் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுப்பார்னு வச்சுக்குவோம், 18 மீட்டர்ல பிரஷர் 2.8 மடங்கு, அப்போ நிமிஷத்துக்கு 56 லிட்டர் காலி, அரை மணி நேரத்துல டேங்க் முடிஞ்சுது. டேபிள் அவருக்கு 56 நிமிஷம் கொடுக்குது, அவர் டேங்க் 30 நிமிஷம்தான் வருது, இவருக்கு 95 நிமிஷம் கிடைச்சு என்ன பண்ணப் போறார்? நேத்ராணில 15, 18 மீட்டர்லயே நிறைய பார்க்கலாம், ரெண்டு டைவ் பண்ணிட்டு திரும்பறவருக்கு நைட்ராக்ஸுக்குன்னு தனியா காசு கொடுக்கறது எனக்கு வீண்னுதான் படும். ஆனா ஹேவ்லாக்ல டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் மாதிரி 25, 30 மீட்டர் பக்கம் போற இடங்களுக்கும், மாலத்தீவு போட்ல ஒரு நாளைக்கு மூணு டைவ்னு ஆறு நாள் தொடர்ந்து பண்றவங்களுக்கும் இது உண்மையாவே உதவும். ஏன்னா அங்க முதல் டைவோட நைட்ரஜன் முழுசா வெளிய போறதுக்குள்ள ரெண்டாவது, அது போறதுக்குள்ள மூணாவது, இப்படி கூட்டு வட்டி மாதிரி ஏறிக்கிட்டே போகும்.

கோர்ஸ் ஒரு நாள் வேலை. ஓப்பன் வாட்டர் முடிச்சிருக்கணும், பாடில 12 வயசுக்கு மேல இருந்தா போதும், பாடத்தை பெங்களூர்ல வீட்ல உக்காந்து ஆன்லைன்ல படிச்சுட்டு, ஆக்சிஜன் அளக்கற மீட்டரான அனலைசர்ல பயிற்சியை மட்டும் சென்டர்ல பண்ணிக்கலாம். ட்ரிப்போட முதல் நாள் போட்லயே கோர்ஸ் பண்ணிக்கறவங்க இருக்காங்க, நான் அதை விரும்பறதில்ல, புது இடம், புது போட், அலை, தூக்கம் இல்ல, அந்த நிலைமையில கணக்கு மண்டையில ஏறாது. போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஊர்ல முடிச்சுடுங்க.

இப்போ போட் ஏறியாச்சு. பெரிய போட்ல பெரும்பாலும் மெம்பிரேன் சிஸ்டம் இருக்கும், அதாவது காத்தை ஒரு ஃபில்டர் மாதிரியான குழாய்க்குள்ள விட்டு நைட்ரஜன்ல ஒரு பங்கை வெளிய தள்ளிட்டு மிச்சத்தை கம்ப்ரஸர் ஏத்தும், அதுல கிட்டத்தட்ட 32தான் வரும். கரையில இருக்கற சில சென்டர்ல சுத்தமான ஆக்சிஜனை டேங்க்ல கொஞ்சம் விட்டு அது மேல காத்தை ஏத்தி கலப்பாங்க, அந்த முறையில கலக்கறவர் கை கொஞ்சம் அசந்தாலும் 32 வர வேண்டியது 36 ஆகும், 28 ஆகும். எப்படிக் கலந்தாங்கங்கிறது உங்க வேலை இல்ல. என்ன வந்திருக்குங்கிறது நூத்துக்கு நூறு உங்க வேலை. டைவ் மாஸ்டர் அளந்துட்டேன்னு சொன்னாலும், பார்ட்னர் அளந்துட்டான்னு சொன்னாலும், நீங்க மூச்சு விடப்போற டேங்க்கை நீங்க அளக்கணும், இல்லேன்னா நீங்க பக்கத்துல நின்னு நம்பரைக் கண்ணால பார்க்கணும். எல்லா கோர்ஸ்லயும் இதைத்தான் சொல்லித் தர்றாங்க, மூணாவது நாள் காலைல ஆறு மணிக்கு தூக்கக் கலக்கத்துல முதல்ல விட்டுப்போறதும் இதுதான்.

அனலைசர் ஒரு டீ டம்ளர் அளவு மெஷின், உள்ள ஆக்சிஜன் பட்டா சின்னதா மின்சாரம் உண்டாக்கற ஒரு செல் இருக்கும். ஆன் பண்ணி, காத்துல வச்சு, 20.9க்கு செட் பண்ணணும். இதை டேங்க் வரிசைக்கு நடுவுல நின்னு பண்ணாதீங்க, பக்கத்துல யாராவது நைட்ராக்ஸ் டேங்க்கைத் திறந்து விட்டிருந்தா அந்தக் காத்தே கலப்படம். கடல் காத்துல ஈரம் வேற அதிகம், டேங்க்ல இருந்து வர்றது காய்ஞ்ச காத்து, ஈரக் காத்துல செட் பண்ணிட்டு காய்ஞ்ச காத்தை அளந்தா அரை பாயின்ட், ஒரு பாயின்ட் கூட மாறும். அதனால போட்ல சாதா காத்து டேங்க் ஒண்ணு இருந்தா அதுல வச்சு 20.9 செட் பண்றதுதான் சுத்தமான முறை.

பெங்களூர்காரங்களுக்கு மட்டும் இதுல தனியா ஒரு விஷயம் இருக்கு. சொந்தமா அனலைசர் வாங்கி வச்சிருக்கறவங்க வீட்லயே பாட்டரி போட்டு 20.9 செட் பண்ணிட்டு பேக்ல வச்சுக்கிட்டு வந்துடுவாங்க. நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 920 மீட்டர் உயரம், இங்க காத்தோட அழுத்தமே ஒரு பத்து சதவீதம் கம்மி, அந்த செல் அளக்கறது சதவீதத்தை இல்ல, ஆக்சிஜனோட அழுத்தத்தை. இங்க செட் பண்ணின மெஷினை கடற்கரையில அப்படியே வச்சா சாதா காத்துக்கே 23 கிட்ட காட்டும், நிஜமா 32 இருக்கற டேங்க்குக்கு 35, 36ன்னு காட்டும். அதனால வீட்ல செட் பண்ணினது எதுவும் செல்லாது, போட்ல நின்னு ஒவ்வொரு தடவையும் புதுசா செட் பண்ணுங்க. செல்லுக்கும் ஆயுள் இருக்கு, ரெண்டு மூணு வருஷத்துல தளர்ந்துடும், 20.9ல நிக்காம நம்பர் ஆடிக்கிட்டே இருந்தா அந்த மெஷினை நம்பாதீங்க, வேற கேளுங்க.

அளக்கறப்போ டேங்க் வால்வை ஒரு நூலளவு மட்டும் திறங்க. குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு மெல்லிசான உஸ்ஸுனு சத்தம் வருமே, அந்த அளவு போதும், பீறிட்டு அடிச்சா ரீடிங் தப்பா வரும். அனலைசரோட மூக்கை வால்வோட வாய்ல நல்லா அழுத்திப் பிடிங்க, இடுக்குல வெளிக்காத்து புகக்கூடாது. நம்பர் 20.9ல இருந்து மடமடன்னு ஏறும், 26, 29, 31, அப்புறம் மெதுவாகி 31.5, 31.7, 31.8. அங்க நிக்கும். நின்னதும் எடுத்துடாதீங்க, இன்னும் ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் அப்படியே பிடிச்சிருங்க, நம்பர் அசையாம இருந்தாத்தான் அது ரீடிங். ஏறிக்கிட்டே இருக்கும்போது எடுத்து "31 தான் இருக்கு"ன்னு எழுதிட்டுப் போறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன், நிஜத்துல அது 34 ஆக இருந்தா?

நான் ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்னா எனக்கே நடந்திருக்கு. அந்தமான்ல ஒரு போட், எந்த சென்டர்னு வேண்டாம், காலைல பதினாறாம் தேதி. என் டேங்க் மேல டேப் ஒட்டி 32ன்னு பெருசா மார்க்கர்ல எழுதியிருந்தது. போட்ல ஒரே அனலைசர், முன்னாடி அஞ்சு பேர் வரிசை, அலை ஆட்டத்துல எனக்கு வயித்தைப் புரட்டிக்கிட்டு வந்தது, கூட வந்தவர் "நேத்தும் 32தானே இருந்துச்சு, விடுங்க"ன்னார். எனக்கும் விட்டுடலாம்னு தான் இருந்தது. இருந்தாலும் நின்னு வச்சுப் பார்த்தேன். 20.9. மறுபடி செட் பண்ணிட்டு வச்சேன், 21.0. குனிஞ்சு டேப்பைப் பார்த்தா 32க்கு கீழ சின்னதா 14ன்னு தேதி. ரெண்டு நாள் முன்னாடி ஒட்டினது, டேங்க் காலியாகி, திரும்பி சாதா காத்து ஏத்தி, பழைய டேப்பைக் கிழிக்காமலே அனுப்பிட்டாங்க. போட் கிரூல இருந்தவர் நம்ம தமிழ்க்காரர்தான், அந்தமான்லயே பொறந்து வளர்ந்தவர். "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு மீட்டரைக் காட்டினேன், அவர் முகமே மாறிடுச்சு, "நல்ல வேளை பார்த்தீங்க தம்பி"ன்னுட்டு மத்த டேங்க் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து அவரே அளந்தார், அதுல இன்னொண்ணும் அதே மாதிரி இருந்தது.

அன்னைக்கு போக இருந்தது 30 மீட்டர் பக்கம். கீழ எவ்வளவு நேரம் இருக்கலாம்னு காட்டற டைவ் கம்ப்யூட்டர்ல 32ன்னு போட்டுட்டு காத்துல இறங்கியிருந்தா அது எனக்கு 30 நிமிஷம்னு காட்டியிருக்கும், என் உடம்புக்கு இருந்தது 20தான். மிச்சம் பத்து நிமிஷம் நான் டெக்கோல இருக்கேன்னு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது, அது பச்சையா காட்டிக்கிட்டே இருக்கும், நான் வழக்கமா நிக்கற மூணு நிமிஷ சேஃப்டி ஸ்டாப் மட்டும் போட்டுட்டு சிரிச்சுக்கிட்டே மேல வந்திருப்பேன். அன்னைல இருந்து எவ்வளவு வயித்தைப் புரட்டினாலும் அளக்காம நான் டேங்க் மாட்டறதில்ல.

அளந்ததும் பழைய டேப்பைக் கிழிச்சுப் போட்டுட்டு புது டேப் ஒட்டி, சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, உங்க இனிஷியல் நாலையும் எழுதுங்க. போட்ல ஒரு லாக் நோட்டு இருக்கும், அதுலயும் எழுதிக் கையெழுத்துப் போடணும். எழுதினப்புறம் அந்த டேங்க் நீங்க மாட்டிக்கற பிசிடி ஜாக்கெட்ல ஏறுற வரைக்கும் கண் அதுமேலயே இருக்கட்டும், கிரூ நல்லெண்ணத்துல இடம் மாத்தி வைப்பாங்க, ரெண்டு டேங்க்கும் பார்க்க ஒரே மாதிரிதான். டேப்ல 32ன்னு சொன்னது உங்க மீட்டர்ல ஒரு பாயின்ட்டுக்கு மேல வித்தியாசமா வந்தா மறுபடி செட் பண்ணி மறுபடி அளங்க, அப்பவும் அப்படியேன்னா மீட்டர் சொல்றதை வச்சு டைவ் பிளானை மாத்துங்க, இல்லேன்னா வேற டேங்க் கேளுங்க. கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

அடுத்து ஆழம். ஆக்சிஜன் நல்லதுதானே, கூடினா என்னன்னு தோணும். பிரஷர்ல ஆக்சிஜனே விஷம், 1878லயே பால் பெர்ட்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி காட்டிட்டார். அளவு மீறினா மூளை நரம்பு பாதிச்சு வலிப்பு வரும், தண்ணிக்கு அடியில வலிப்பு வந்தா வாய்ல இருக்கற, மூச்சு விடற ரெகுலேட்டர் கழண்டுடும், ஆளைக் கொல்றது அதுக்கப்புறம் நடக்கற மூழ்கல். பொழுதுபோக்கு டைவிங்ல ஆக்சிஜனோட பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்துல ஆக்சிஜனோட பங்கு) 1.4 பாரைத் தாண்டக்கூடாதுங்கிறதுதான் கணக்கு, 1.6ங்கிறது தவிர்க்க முடியாத அவசரத்துக்கு மட்டும். கணக்கு சுலபம்: 1.4ஐ உங்க ஆக்சிஜன் பங்கால வகுங்க, அதுல ஒண்ணைக் கழிங்க, பத்தால பெருக்குங்க. 32ன்னா 1.4ஐ 0.32 ஆல வகுத்தா 4.375, ஒண்ணு போக 3.375, பத்தால பெருக்கினா 33.75, கீழ் நம்பரா 33 மீட்டர்னு எடுத்துக்கணும். 36 சதவீதத்துக்கு 28 மீட்டர். 28 சதவீதத்துக்கு 40 மீட்டர். போன்ல ஆப் இருந்தாலும் இதை மனசுலயே போட்டுப் பழகுங்க. இப்போ லேபிள் 32, நிஜத்துல 36 இருக்கற டேங்க்ல 33 மீட்டர் போனா என்ன ஆகும்னு பாருங்க, 4.3 பெருக்கல் 0.36, கிட்டத்தட்ட 1.55. அளக்காததுக்கு விலை ரெண்டு பக்கமும் இருக்கு.

கம்ப்யூட்டர்ல அளந்த நம்பரைப் போடணும், ஒவ்வொரு டைவுக்கும் முன்னாடி. சில மாடல் கொஞ்ச நேரத்துல தானா 21க்குத் திரும்பிடும், சிலது பழைய நம்பரையே வச்சிருக்கும், உங்களோடது எதுன்னு மேனுவல்ல பார்த்து வையுங்க. 31.8 வந்தா நான் கம்ப்யூட்டர்ல 31ன்னு போட்டுட்டு ஆழத்துக்கு 32 கணக்கை வச்சுக்கறேன், ரெண்டுலயும் கொஞ்சம் பாதுகாப்புப் பக்கம். ஆக்சிஜன் அழுத்த அலாரத்தை 1.4ல வைங்க. இன்னொரு பழக்கம் இருக்கு, நைட்ராக்ஸ் டேங்க் போட்டுட்டு கம்ப்யூட்டரை மட்டும் 21லயே விட்டுடறது, கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும்னு. நைட்ரஜன் விஷயத்துல அது உண்மைதான், ஆனா அப்படிப் பண்ணினா நீங்க 32ல 38 மீட்டர் போனாலும் கம்ப்யூட்டர் சத்தமே போடாது, ஆக்சிஜன் கணக்கையும் தப்பாத்தான் வைக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கம்ப்யூட்டருக்கு உண்மையைச் சொல்லுங்க, பாதுகாப்பு வேணும்னா அதுலயே கன்சர்வேட்டிவ் செட்டிங் இருக்கு, அதை ஒரு படி ஏத்துங்க, டேபிள் கொடுக்கற நேரத்துல கடைசி சொட்டு வரைக்கும் உறிஞ்சாதீங்க.

தண்ணிக்குள்ள பெருசா வித்தியாசம் எதுவும் தெரியாது, ருசி இல்ல, வாசனை இல்ல. பார்ட்னர்கிட்ட குதிக்கறதுக்கு முன்னாடி உங்க சதவீதமும் ஆழமும் சொல்லுங்க, அவரோடதைக் கேளுங்க, ரெண்டுல எது கம்மி ஆழமோ அதுதான் ரெண்டு பேருக்கும். செங்குத்தா கீழ போற சுவர் மாதிரி இடத்துல தான் ஜாக்கிரதையா இருக்கணும், கீழ ஒரு சுறா போகும், எல்லாரும் ஒரு அஞ்சு மீட்டர் இறங்குவாங்க, நீங்களும் இறங்கிடுவீங்க. மாலத்தீவுல சட்டப்படியே 30 மீட்டர்தான் எல்லை, 32க்கு அது நல்லாப் பொருந்தும். ஆனா அங்க சேனல்ல நீரோட்டம் இழுக்கும், எதிர் நீச்சல் போட்டு மூச்சு வாங்கினா உடம்புல கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது ஆக்சிஜன் வலிப்புக்கான ஆபத்தைக் கூட்டும், மூச்சை அடக்கி அடக்கி டேங்க்கை மிச்சம் பண்றதும் அப்படித்தான். மூச்சு வாங்கினா நிறுத்துங்க, பாறையைப் பிடிங்க இல்ல ஹூக்கைப் போடுங்க, மூச்சு சீராகட்டும். பார்வை குறுகறது, காதுல ரீங்காரம், குமட்டல், உதடு கன்னம் துடிக்கறது, காரணமில்லாத எரிச்சல், தலைசுத்தல், இதுல எது வந்தாலும் பார்ட்னருக்கு சைகை காட்டிட்டு ஆழத்தைக் குறைங்க, டைவை முடிங்க. எந்த அறிகுறியும் இல்லாம நேரா வலிப்பே வரலாங்கிறதனாலதான் அறிகுறியை நம்பாம ஆழத்தை நம்பறோம். அப்புறம் ஜலதோஷத்துக்கு மூக்கடைப்பு மாத்திரை போட்டுட்டு இறங்கறவங்க, சூடோஎஃபெட்ரின் இருக்கற மாத்திரையை நைட்ராக்ஸோட சேர்க்க வேண்டாம்னு சொல்றாங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

பல நாள் ட்ரிப்ல ஆக்சிஜன் கணக்கும் ஓடும். நோவா டேபிள்ல 1.4 பார்ல ஒரே டைவுக்கு 150 நிமிஷம், 24 மணி நேரத்துக்கு மொத்தம் 180. பயப்பட வேண்டாம், யாரும் டைவ் முழுக்க அடியிலயே இருக்கறதில்ல. சராசரி 15 மீட்டர்னா 32ல அழுத்தம் 0.8தான், அதுக்கு எல்லை 450 நிமிஷம், ஒரு மணி நேர டைவ் மூணு பண்ணினாலும் நாப்பது சதவீதம்தான் ஆகுது. கம்ப்யூட்டரே சதவீதமா காட்டும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கிட்டா போதும்.

கடைசியா வீடு திரும்பறது, பெங்களூர்காரங்க இதைக் கண்டிப்பா படிக்கணும். ஃப்ளைட்டுக்கு முன்னாடி காத்திருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், டைவர்களோட பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்போட வழிகாட்டுதல்ல ஒரே ஒரு டைவுக்கு குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலயோ பல நாளோ பண்ணினா 18, டெக்கோ டைவ்னா அதுக்கும் கூட. நைட்ராக்ஸ் போட்டேன்னு இதைக் குறைக்கக் கூடாது. ஆனா அந்த வழிகாட்டுதல் ஃப்ளைட்டுக்கு மட்டும் இல்ல, 2000 அடியில இருந்து 8000 அடி வரைக்கும் போற எந்த உயரத்துக்கும் பொருந்தும். பெங்களூர் 3000 அடி. முருடேஷ்வர்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டாவது டைவ் முடிச்சு கரைக்கு வந்து, சாப்பிட்டு, ராத்திரி பஸ் ஏறினா, நடுராத்திரிக்குள்ள பஸ் மலை ஏறிடும், அப்போ நீங்க தண்ணியை விட்டு வெளிய வந்து பத்து மணி நேரம்கூட ஆகியிருக்காது, பஸ்ல தூங்கிட்டே உயரம் போறீங்க. ரயில்ல போனாலும் அதே மலைதான். திங்கட்கிழமை காலைல தோள்பட்டை வலிக்குது, பஸ்ல கோணலா படுத்துட்டேன்னு நினைச்சுட்டு ஆபீஸ் போறவங்க இருக்காங்க. பஸ்ஸாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், மரத்துப்போற மாதிரியோ மூட்டு வலியோ இருந்தா டைவ் பண்ணினதைச் சொல்லி டாக்டரைப் பாருங்க.

நான் இப்போ பண்றது இதுதான். வெள்ளி ராத்திரி முருடேஷ்வருக்குக் கிளம்பி சனிக்கிழமை ரெண்டு டைவ், ஞாயித்துக்கிழமை டைவே இல்ல. காலைல நல்லா தூங்கி எழுந்து, கோயிலுக்குப் போய், அந்த 20 மாடி ராஜகோபுரத்துல லிஃப்ட்ல ஏறி கடலைப் பார்த்துட்டு, அந்த உயரம் நைட்ரஜனுக்கு ஒரு கணக்கே இல்ல, தைரியமா ஏறலாம், மீன் சாப்பாடு சாப்பிட்டு, சாயங்காலம் பஸ் ஏறினா ஒரு நாளுக்கு மேல ஆகியிருக்கும். ஞாயித்துக்கிழமையும் டைவ் பண்ணியே ஆகணும்னா திங்கட்கிழமை லீவ் போடுங்க, அன்னைக்கு காலைலயோ மத்தியானமோ கிளம்புங்க. மாலத்தீவுல இருந்து திரும்பறவங்க கடைசி நாள் டைவை விட்டுட்டு ஃப்ளைட்டுக்கு முழுசா 24 மணி நேரம் விடுங்க, பெரும்பாலான போட்ல ட்ரிப்பையே அப்படித்தான் போட்டிருப்பாங்க. டேப்பும் மார்க்கரும் மட்டும் உங்களோடதா ஒரு செட் பேக்ல வச்சுக்கோங்க, போட்ல இருக்கற மார்க்கர் மூணாவது நாள் எழுதாது.